உழக்கும் மிஞ்சாத கணக்கு

உங்கள் ஆபீஸில் காலையில் கையெழுத்தா, விரலா, முகமா?

கையெழுத்து என்றால் நீங்கள் பாக்கியசாலி. பதினைந்து நிமிஷம் லேட்டாக வந்தாலும், முன்னால் போனவர் எழுதிய 9.30-க்குக் கீழே ஒரு 9.31 போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடலாம். விரல் என்றால் கொஞ்சம் கஷ்டம். மழை நாளில் ஈர விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. நாம் பான்ட்டில் துடைத்துத் துடைத்து வைக்க, ‘மறுபடி முயற்சி செய்யவும்’ என்று பெண் குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். (வீட்டிலும் அதே குரல்தான், வேறு விஷயத்துக்கு!) முகம் என்றால் ரொம்ப மோசம். நண்பன் ஒருவன் பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு மெஷின் கணக்குப்படி அவன் ஆப்சென்ட்.

இந்த மூன்றும் நாம் எப்போது வந்தோம், எப்போது போனோம் என்று மட்டும்தான் சொல்லும். நடுவில் என்ன கிழித்தோம் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே ஒரு காகிதம் இருக்கிறது. டைம்ஷீட் என்று பெயர். அந்தக் காகிதம் எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். மாசச் சம்பளக்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

* * *

நான் வேலை பார்ப்பது நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனி. முதலாளியையும் டீ வாங்கி வரும் பையனையும் சேர்த்து 11 பேர். என் பதவி அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ். விளம்பர உலகத்தில் ‘அக்கவுண்ட்’ என்றால் கணக்கு இல்லை, வாடிக்கையாளர். க்ளையன்ட் சொல்வதை டிசைனரிடம் சொல்லித் திட்டு வாங்குவதும், டிசைனர் சொல்வதை க்ளையன்ட்டிடம் சொல்லித் திட்டு வாங்குவதும் என் வேலை. இது என் மாமனாருக்கு இன்றுவரை புரியவில்லை. வருமான வரியில் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் போடுகிறார்.

அவர் ஒருத்தர்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 மே மாதம் ஒரு சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

“தம்பி, பாங்க்ல என்ன இருக்கு தெரியுமா?”

“தெரியாது ஸார்.”

“தெரியாம இருக்கறதே நல்லது. உட்காரு.”

கொரோனா இரண்டு வருஷம் எங்களை மாதிரிச் சின்னக் கம்பெனிகளைப் பிழிந்து காயப்போட்டிருந்த சமயம். “வேலைக்குக் குறைச்சல் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கும் லைட் எரியுது. ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. எங்கேயோ ஓட்டை. ரெண்டு பேரைக் குறைச்சாத்தான் வண்டி ஓடும். யாரு எவ்வளவு நேரம் வேலை செய்யறாங்கன்னு கணக்கு எடு. உன் பதவியிலேயே அக்கவுண்ட் இருக்கே!”

இரண்டு பேரில் ஒருவர் யார் என்று அவர் மனசில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் விஷுவலைசர். ஆபீஸ் முழுக்க அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடும். வயசு 54. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். ஒரு வேலை கொடுத்தால் முதலில் ஜன்னல் பக்கம் திரும்பி வாதாம் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணியும் ஆகும், இரண்டு மணியும் ஆகும். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி தன் அறையை விட்டு வெளியே வருவார். ராசி அப்படி.

இரண்டாவது ஆள் யார்? யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவில் ஒரு முகம் தெரிந்தது. என் முகம்தான்!

* * *

சரி, இந்த நேரக்கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்று படித்துப் பார்த்தேன். சுவாரஸ்யமாகவே இருந்தது.

அமெரிக்காவில் ஆபர்ன் என்ற ஊரில் வில்லார்ட் பண்டி என்று ஒரு நகைக்கடைக்காரர். 1888-ல் தொழிலாளி வந்த நேரத்தை அச்சடித்து வைக்கும் கடிகாரத்தைச் செய்தவர் அவர். தம்பி அதை வைத்துக் கம்பெனி ஆரம்பித்தார். அது பலதோடு சேர்ந்து, 1911-ல் இன்னும் பெரிய கம்பெனியாகி, 1924-ல் பெயரை மாற்றிக்கொண்டது. மாற்றிய பெயர் ஐ.பி.எம்.! ஆக, நாம் டைம்ஷீட் நிரப்புகிற கம்ப்யூட்டர் வம்சத்தின் பாட்டன் வீட்டுச் சுவரிலேயே ஒரு ‘பஞ்ச்’ கடிகாரம் மாட்டியிருந்திருக்கிறது.

அடுத்தவர் ஃப்ரெட்ரிக் டெய்லர். கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தவர். 1911-ல் புத்தகமே போட்டார். இரும்புத் துண்டு சுமக்கிறவனை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கலாம். வாதாம் மரத்தைப் பார்க்கிறவரை எதை வைத்து அளப்பது?

மூன்றாவது ஆள்தான் நமக்கு நெருங்கின சொந்தம். பாஸ்டன் வக்கீல் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். 1919-ல் ஒரு வக்கீல் ஆபீஸின் நிர்வாகத்தை ஏற்றவர். ஒவ்வொரு வக்கீலும் எந்தக் கேஸுக்கு எவ்வளவு நேரம் செலவழித்தார் என்று தினமும் சீட்டு எழுதச் சொன்னார். ஒரு மணியைப் பத்துக் கூறு போட்டார். ஒரு கூறு ஆறு நிமிஷம். ஒரு வேலையைச் செய்துமுடிக்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் நோக்கம். பின்னாளில் அதுவே க்ளையன்ட்டுக்கு பில் போடும் முறையாகிவிட்டது. இன்றைக்கும் வெளிநாட்டு வக்கீல்கள் பலர் ஆறு நிமிஷக் கணக்கில்தான் பில் போடுகிறார்கள். ‘சௌக்கியமா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலை நீட்டினால் ஒரு கூறு காலி.

நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. நாளை அறுபது நாழிகையாகப் பிரித்தவர்கள் நாம். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஸ்மித் கணக்கில் சரியாக நாலு கூறு! எங்கள் ஆபீஸ் இருக்கிற நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வுக் கூடம் கட்டி, நட்சத்திரம் பார்த்து ‘மெட்ராஸ் டைம்’ கணித்தார்கள். ரயில் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடியது. 1906-ல்தான் இந்தியாவுக்கென்று பொது நேரம் வந்தது. மெட்ராஸ் டைம் அதைவிட 9 நிமிஷம் பின்னால்.

இதை டீ நேரத்தில் விளக்கினேன். மறுநாளிலிருந்து எங்கள் காப்பிரைட்டர் தினமும் 9.39-க்கு வர ஆரம்பித்தார். கேட்டால், “நான் மெட்ராஸ் டைம்ல கரெக்டா 9.30-க்கு வந்துட்டேன் பாஸ்” என்கிறார். அறிவைப் பகிர்ந்துகொள்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

* * *

ஜூன் மாதம் முதலாளி சொன்ன மாதிரியே டைம்ஷீட் ஆரம்பித்தது. பெயர், தேதி, வந்த நேரம், செய்த வேலை, மொத்த மணி. எல்லோரும் கைகட்டின மாதிரி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரைக் குறைக்கப் போகிற விஷயம் அதற்குள் டீக்கடை வரை போய்விட்டது.

மாசக் கடைசியில் ஷீட்டுகள் வந்தன. அடடா! ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் சரியாக எட்டு மணி நேரம். ஏழே முக்கால் கிடையாது, எட்டேகால் கிடையாது. அந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மின்வாரியம் பராமரிப்பு என்று அறிவித்துக் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரை கரண்ட் இல்லை. நாங்கள் எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தாக்ஷரி பாடினோம். அன்றைய ஷீட்டிலும் அத்தனை பேரும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணியிருந்தார்கள்!

முதலாளிக்குக் கோபம். “பொய்க் கணக்கு எழுதறாங்கப்பா!”

“ஸார், வேலை போகுமோன்னு பயந்துக்கிட்டு எழுதற கணக்கு இப்படித்தான் இருக்கும். என்னோடதும் எட்டு மணிதான், பாருங்க. நீங்க கேட்டது ஆளோட கணக்கு. வேலையோட கணக்கைக் கேட்டுப் பார்ப்போமே?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. இங்கேதான் எல்லாச் சின்ன ஆபீஸும் சறுக்குகிறது. ‘இந்த ஆள் எத்தனை மணி வேலை செய்தான்?’ என்பது போலீஸ் கேள்வி. ‘இந்த வேலை எத்தனை மணியைத் தின்றது?’ என்பது வியாபாரக் கேள்வி. முதல் கேள்விக்கு எல்லோரும் எட்டு என்றுதான் சொல்வார்கள். இரண்டாவதற்குப் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

அரை மணி நேரம் பேசி நாலு விஷயத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தேன். ஒன்று, இந்த ஷீட்டைக் காட்டி யாரையும் வேலையை விட்டு எடுப்பதில்லை. அதை அவரே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இரண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு எதிரில்தான் மணி எழுத வேண்டும். மூன்று, செய்த வேலையை நாலாகப் பிரித்து எழுத வேண்டும்: யோசனை, செய்தது, திருத்தம், காத்திருந்தது. நாலு, முதலாளியும் எழுத வேண்டும்.

நாலாவதில் கொஞ்சம் நெளிந்தார். “நானுமா?”

“நீங்கதான் ஸார் முதல்ல.”

ஆறு நிமிஷக் கூறெல்லாம் நமக்குச் சரிப்படாது, எழுதவே ஆறு நிமிஷம் ஆகும். நாழிகைக் கணக்கு வைக்கலாம் என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. அரை மணி என்று முடிவானது. சாயங்காலம் கிளம்பும்போது ஐந்து நிமிஷம் எழுதினால் போதும். மறுநாள் யோசித்து எழுதுவது கணக்கில்லை, கற்பனை. கற்பனைக்குத்தான் ஆபீஸில் தனியாகச் சம்பளம் கொடுக்கிறோமே!

* * *

ஜூலை மாதம். ஆடித் தள்ளுபடி சீஸன். எங்களுடைய மிகப் பெரிய க்ளையன்ட் ஒரு ஜவுளிக்கடை. மாசம் 60,000 ரூபாய் தருகிறவர்கள். அவர்கள் வீட்டு ஆள் வந்தால் முதலாளி எழுந்து நிற்பார். முந்திரி பிஸ்கட் வரும். இன்னொரு பக்கம் அம்பத்தூரில் ஒரு சின்ன பம்ப்செட் கம்பெனி. மாசம் 18,000. அதன் உரிமையாளர் டி.வி.எஸ். வண்டியில் வருவார். அவருக்கு டீ மட்டும். சில நாள் அதுவும் ஆறிப்போன டீ.

மாசக் கடைசியில் உட்கார்ந்து கூட்டினேன். கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆபீஸுக்கும் உதவும்.

30,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒரு டிசைனர். மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி. வகுத்தால் மணிக்கு 144 ரூபாய். இப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 208 மணியும் வேலையில் போகாது. லீவு, பண்டிகை, மீட்டிங், டீ, கம்ப்யூட்டர் மக்கர், க்ளையன்ட் பதிலுக்குக் காத்திருப்பது எல்லாம் கழித்தால் பில்லுக்கு உதவுகிற நேரம் 130 மணிதான். இப்போது வகுத்தால் மணிக்கு 231. இதன் தலையில் வாடகை, கரண்ட், சாஃப்ட்வேர் சந்தா, என்னை மாதிரி டிசைன் செய்யாதவர்கள் சம்பளம் எல்லாம் ஏறுகிறது. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக, ஒரு மணி நேரத்தின் அடக்க விலை 460 ரூபாய். லாபம் இன்னும் சேர்க்கவில்லை.

ஜவுளிக்கடைக்கு மாசம் 60 மணி ஆகும் என்று நினைத்துத்தான் 60,000 பேசியிருந்தோம். ஜூலையில் எவ்வளவு ஆகியிருந்தது தெரியுமா? 190 மணி. அடக்கம் 87,400. வரவு 60,000. அவர்களுக்கு முந்திரி பிஸ்கட்டும் கொடுத்து, கையிலிருந்து 27,400-ம் கொடுத்திருக்கிறோம்.

பம்ப்செட் கம்பெனிக்கு ஆனது 22 மணி. அடக்கம் 10,120. வரவு 18,000. லாபம் 7,880. ஆறிப்போன டீ குடித்துவிட்டு அந்த மனுஷர் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்!

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பார்கள். உழக்கு என்றால் கால் படி. கணக்குப் பார்க்காதே, பார்த்தால் மனசு ஒடிந்துபோவாய் என்பதற்காக விவசாயிக்குச் சொன்ன சமாதானம் அது. ஆனால் அதே ஊரில்தான் ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தோம். அளக்காமல்.

* * *

190 மணி எப்படி ஆனது? ‘திருத்தம்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் புரிந்தது. ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஒன்று மட்டும் 17 தடவை திருத்தப்பட்டிருந்தது. அண்ணன் ஓகே சொன்னால் தம்பி கலரை மாற்றச் சொல்வார். தம்பி ஓகே சொன்னால் மச்சான் லோகோவைப் பெரிசாக்கச் சொல்வார். எல்லோரும் ஓகே சொன்னால் துபாயிலிருந்து மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில், ‘முதலில் இருந்ததே தேவலை’ என்பார். எங்கள் டிசைனர் தம்பியின் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் இப்படி இருந்தன: ஃபைனல், ஃபைனல்-2, ஃபைனல் நிஜம், ஃபைனல் சத்தியமா, ஃபைனல் அம்மா சத்தியம்.

அடுத்து ‘யோசனை’ கட்டம். அதைப் பார்த்ததும்தான் முதலாளி சிரித்தார். அண்ணன் ஒளிவுமறைவே இல்லாமல் ‘யோசனை – 2 மணி’, ‘யோசனை – ஒன்றரை மணி’ என்று வரிசையாக எழுதியிருந்தார். “பாத்தியா? மரத்தைப் பார்த்ததுக்குக் கணக்கு எழுதியிருக்காரு!”

“ஸார், அடுத்த கட்டத்தையும் பாருங்க.”

அந்த மாதம் மொத்தம் 23 வேலைகள். யோசனைக்கு ஒரு மணியோ அதற்கு மேலோ எழுதியிருந்தவை 9. அந்த ஒன்பதில் எதுவும் மூன்று திருத்தத்தைத் தாண்டவில்லை. யோசனைக் கட்டம் காலியாக, நேரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தவை 14. அதில் எட்டு வேலைகள் ஏழு, எட்டு, பதினேழு திருத்தம் என்று இழுத்திருந்தன. அண்ணன் மரத்தைப் பார்த்த இரண்டு மணி நேரம், பின்னால் வரவேண்டிய பத்து மணி நேரத்தைக் காப்பாற்றியிருந்தது. பம்ப்செட் கம்பெனி வேலை முழுக்க அவருடையது.

சரி, மற்ற 14-ல் ஏன் யாரும் யோசிக்கவில்லை? சோம்பலா? இல்லை. பாதிக்கு மேல் ஜவுளிக்கடை வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லி, காலை பத்து மணிக்குக் கேட்ட வேலை. யோசிக்க ஏது நேரம்?

முதலாளி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஷீட் டிசைனர் தம்பியுடையது. வயசு 24. திருவள்ளூரிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிற பையன். எழுதுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, “அண்ணா, நிஜமாவே எழுதட்டுமா?” என்று கேட்டான். எழுதினான். ஆடி சீஸனில் ஒரு வாரம் மட்டும் 67 மணி. இரண்டு நாள் ராத்திரி ஒன்றே கால் வரை. சென்ட்ரலில் கடைசி ரயில் போய்விட்டதால் ரிசப்ஷன் சோபாவில் படுத்திருக்கிறான்.

இதை விரல் மெஷின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்களுடைய மெஷின் காலை வருகையை மட்டும்தான் பதியும். அதன்படி அந்த வாரம் அவன் மூன்று நாள் லேட். மூன்று லேட் என்றால் அரைநாள் சம்பளம் கட். கட் பண்ணியும் ஆகிவிட்டது! ராத்திரி ஒன்றே கால் வரை ஆபீஸுக்காக உட்கார்ந்தவனுக்கு, காலையில் பத்து மணிக்கு வந்ததற்கு அபராதம்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ம் வருஷத்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு சம்பளம். இந்த எட்டு மணி நேரம் சும்மா வந்ததில்லை. அதைக் கேட்டுத்தான் உலகம் முழுக்க மே தினம் பிறந்தது. இந்த நாட்டிலேயே முதல் மே தினத்தை சிங்காரவேலர் கொண்டாடியது 1923-ல், நம் மெட்ராஸ் கடற்கரையில். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்களே, நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எங்கள் அண்ணன் படித்த அதே ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். நன்றாகக் கவனியுங்கள். நெம்புகிறவர்கள் நாலு பேர். பக்கத்தில் நின்று லேட் மார்க் போடும் ஐந்தாவது ஆளை அவர் செதுக்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஷீட்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, “அந்தப் பையனுக்குப் பிடிச்ச பணத்தைத் திருப்பிக் கொடுத்துடு. ஓவர்டைமும் போட்டுக் கொடு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை வந்தபோது சுவரில் மெஷின் இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

* * *

கடைசியாக முதலாளியின் ஷீட். அதை அவரே கூட்டிப் பார்த்து அசந்துபோனார். புது க்ளையன்ட் தேடியது: மாசத்துக்கு 9 மணி. பாக்கிப் பணம் கேட்டு அலைந்தது: 58 மணி. சிறு, குறு தொழில்களுக்கான 2006-ம் வருஷச் சட்டம் 45 நாளைக்குள் பணம் தரச் சொல்கிறது. எங்கள் க்ளையன்ட்டுகளில் சிலருக்கு 45 நாள் என்பது ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்வதற்கே போதாது. ஓட்டை எங்கே என்று தேடியவருக்கு, ஓட்டையில் பாதி தன் கட்டத்திலேயே கிடைத்தது.

பிறகு என்ன, எல்லாம் சுபமா? சினிமா இல்லையே ஸார்.

ஜவுளிக்கடைக்குப் போய்ப் புது நிபந்தனை சொன்னோம். வீட்டில் ஒருவர்தான் ஓகே சொல்ல வேண்டும். மூன்று திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். தீபாவளிக்கு முன்னால் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மாசம் 60,000 ரூபாய் போனது நஷ்டமா, லாபமா என்று காகிதத்தில் எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தைக் கொண்டுபோய் வாடகை கட்ட முடியாது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாசமும் சம்பளம் பத்தாம் தேதிதான் வந்தது. காப்பிரைட்டர் தன் மெட்ராஸ் டைமோடு வேறு வேலைக்குப் போனார். முதலாளி தன் காரை விற்றார்.

ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிச்சமான நேரத்தில் பம்ப்செட்காரருக்கு ஒழுங்காகச் சூடாக டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசினோம். அவர் தன் வட்டாரத்தில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்தார். எல்லோரும் சின்னவர்கள். சொன்ன தேதியில் பணம் தருகிறவர்கள். 2023 மார்ச்சில் வருஷக் கணக்கை முடித்தபோது ஏதோ ஓர் உழக்கு மிஞ்சியிருந்தது.

அண்ணன் இன்னும் மரத்தைப் பார்க்கிறார். முதலாளி வெளியே வந்தால் இப்போது சத்தம் போடாமல் அந்தப் பக்கமாக நடந்து போகிறார்.

* * *

இப்போது வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைக் கண்காணிக்க, கம்ப்யூட்டரில் மவுஸ் ஆடுகிறதா என்று பார்க்கும் சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. உடனே மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு கருவியும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். மவுஸை ஆட்டிக் கறந்தால் என்ன பால் வரும்?

உங்கள் ஆபீஸில் டைம்ஷீட் கொண்டுவந்தால் பயப்படாதீர்கள். முதலில் ஒன்று கேளுங்கள்: ‘இது ஆளைப் பிடிக்கவா, வேலையைப் பிடிக்கவா?’ ஆளைப் பிடிக்க என்றால், எட்டு என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், வேறு வழியில்லை. வேலையைப் பிடிக்க என்றால் நிஜத்தை எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்ததை எழுதுங்கள். காத்திருந்ததை எழுதுங்கள். யோசித்ததைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். எழுதாத உழைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். மெஷின் நிச்சயமாகப் பார்க்காது.

ஆபீஸில் கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் உங்களுக்கென்று எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அடுத்த தடவை சம்பள உயர்வு கேட்கப் போகும்போது, ‘ரொம்பக் கஷ்டப்பட்டு வேலை செய்யறேன் ஸார்’ என்று தலையைச் சொறிவதற்குப் பதிலாக அந்த நோட்டை எடுத்து வைக்கலாம். சொறிவதைவிட அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

இந்தக் கட்டுரைக்கான ஷீட்: யோசனை – 2 மணி. எழுதியது – மூன்றரை மணி. காத்திருந்தது – கரண்ட் போனதால் அரை மணி. திருத்தம் – ஆசிரியர் கையில் இருக்கிறது. மூன்று வரை இலவசம்!